வழிபாட்டுச் சமூகத்தாரோடு சேர்ந்து ஆய்வு செய்தல்: களத்துக்குப் புதியவர்களுக்கு

ஒரு மக்கள் கூட்டத்தோடு நெடுநாள் பழகி, அவர்கள் செய்வதையும் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் கவனித்து, அவ்வாழ்வை எழுத்தில் வரைவதை இனவரைவியல் என்கிறோம். அந்த வரைவை ஆய்வாளர் தனியே செய்யாமல், கேள்வியை அமைப்பது முதல் நூல் அச்சேறுவது வரை அம்மக்களையும் உடன்வைத்துச் செய்தால் அது கூட்டு இனவரைவியல் ஆகிறது. வழிபாட்டுச் சமூகங்களில் இம்முறையைக் கையாள விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘கூட்டு’ என்ற சொல் ஆய்வு முன்வரைவுகளில் இப்போது மிக எளிதாக ஏறிவிடுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அன்பான உறவும் நன்றியுரையில் நான்கு பெயர்களும் மட்டுமே இருக்கின்றன. நான் ஒரே ஒரு கேள்வியைக் கொண்டு சோதிப்பது வழக்கம்: சமூகத்தார் சொன்னதால் இந்த ஆய்வில் எது மாறியது? விடையாக எதையும் சுட்ட முடியவில்லையென்றால், அது நல்ல களஆய்வாக இருக்கலாம், கூட்டு ஆய்வாகாது. கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த மாற்றத்துக்கு எங்கெங்கே இடம் விட வேண்டும் என்பதைப் பற்றியவை.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முறையன்று. வட அமெரிக்காவின் ஒமாஹா மக்களைப் பற்றி 1911இல் வெளிவந்த பெருநூலில் ஆலிஸ் ஃபிளெட்சர் என்ற ஆய்வாளரின் பெயரோடு, ஒமாஹா இனத்தவரான பிரான்சிஸ் லா ஃபிளெஷின் பெயரும் ஆசிரியராக இடம்பெற்றது. அதே காலத்தில் வேறு பல நூல்களில், ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதித் தந்த உள்ளூர் அறிஞர்கள் ‘தகவலாளி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். அச்சொல்லை நான் தவிர்க்கிறேன். அது ஒருவரைக் கிணறாகவும் மற்றவரை இறைப்பவராகவும் ஆக்கிவிடுகிறது.

முதற் படி: உங்கள் நிலையை எழுதிவையுங்கள்

களத்துக்குள் கால்வைக்கும் முன், உங்களுக்கும் அந்தச் சமயத்துக்கும் உள்ள உறவை இரண்டு பக்கங்களில் எழுதுங்கள். நீங்கள் அதே சமயத்தில் பிறந்தவரா, வெளியேறியவரா, வேறு சமயத்தவரா, சமயமே வேண்டாம் என்பவரா என்பதைப் பொறுத்து உங்கள் கண்ணில் படுவதும் படாததும் மாறும். உள்ளிருந்து வருபவருக்குக் கதவுகள் விரைவில் திறக்கும். ஆனால் ‘இது உனக்கே தெரியுமே’ என்று சொல்லி மக்கள் விளக்காமல் விட்டுவிடுவார்கள். வெளியாளுக்கு விளக்குவார்கள், ஆனால் வெளியாளுக்கென்று வைத்திருக்கும் விளக்கத்தைத்தான் தருவார்கள்.

சமயத்தின் உண்மை பற்றி ஆய்வாளர் என்ன நிலை எடுப்பது என்ற விவாதம் பழையது. சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1967இல், ஆய்வு என்ற அளவில் தெய்வம் இல்லையெனக் கொண்டே நடக்க வேண்டும் என்ற பொருளில் ‘முறையியல் நாத்திகம்’ பற்றிப் பேசினார். சமய ஆய்வாளர் நினியன் ஸ்மார்ட், உண்டு இல்லை என்ற தீர்ப்பையே ஒதுக்கிவைக்கும் நிலையை முன்வைத்தார். கூட்டு ஆய்வுக்குப் பின்னது பொருந்தும் என்பது என் கருத்து. தன் வாழ்வின் அடித்தளம் பொய் என்று முடிவுகட்டிவிட்டு வருபவரோடு ஒருவர் சமமாக உட்கார்ந்து எழுத முடியாது.

ஆனாலும் தீர்ப்பை ஒதுக்கிவைத்ததாலேயே நீங்கள் கரையில் நிற்பவராகிவிட மாட்டீர்கள். அமெரிக்காவின் பாப்டிஸ்ட் கிறித்தவர்களிடையே ஆய்வு செய்த சூசன் ஹார்டிங், தம்மை மனம்மாற்ற முயன்ற போதகர் ஒருவரை நேர்காணல் செய்துவிட்டுக் காரில் திரும்பும்போது, ஒரு மோதலிலிருந்து நூலிழையில் தப்பியதையும், அக்கணத்தில் ‘கடவுள் எனக்கு என்ன சொல்ல வருகிறார்’ என்று தமக்குள் கேள்வி எழுந்ததையும் 1987இல் எழுதினார். கூர்ந்து கேட்பதே அந்த மொழிக்குள் நுழைவதுதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை. உங்களை மனம்மாற்ற முயல்வார்கள். அது பகைமையன்று, பெரும்பாலும் அன்பு. ‘என் முடிவை நான் பிறகு சொல்வேன்’ என்று ஏமாற்றிக் காலம் கடத்தாமல், நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: வாயிலில் நிற்பவரும் வீட்டில் இருப்பவர்களும்

ஒவ்வொரு சமூகத்திலும் வெளியாளை உள்ளே விடும் அதிகாரம் சிலரிடம் இருக்கும். அவர் பூசகராகவோ, போதகராகவோ, அறங்காவலர் குழுவின் தலைவராகவோ இருக்கலாம். அவருடைய அனுமதி இல்லாமல் தொடங்கவும் கூடாது. அவருடைய அனுமதி கிடைத்ததாலேயே மற்றவர்கள் ஒப்பிவிட்டார்கள் என்று கொள்ளவும் கூடாது. சமயச் சமூகங்களில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். தலைவர் சொல்லைத் தட்டுவதே பாவம் என்று கருதும் ஒருவர், உங்களிடம் பேச விருப்பமில்லாதபோதும் பேசுவார். ஆகவே தலைவர் முன்னிலையில் யாரிடமும் ஒப்புதல் கேட்காதீர்கள். யார் பேசினார், யார் மறுத்தார் என்பதைத் தலைவரிடம் சொல்லவும் செய்யாதீர்கள்.

தொடக்க வாரங்களில் ஒரு வரைபடம் தயாரியுங்கள்: யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள், கூட்டம் முடிந்தபின் யார் பாத்திரம் கழுவுகிறார்கள், யார் பின்வரிசையில் உட்கார்கிறார்கள், யார் வருவதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் கூட்டாளிகள் அனைவரும் முன்வரிசையிலிருந்தே வந்தால், அந்த ஆய்வு நிர்வாகக் குழுவின் அறிக்கையாகத்தான் முடியும்.

மறைந்து நுழைவதைப் பற்றி ஒரு சொல். 1954 டிசம்பரில் பெருவெள்ளம் வரும் என்று நம்பிய சிறு குழு ஒன்றுக்குள் அமெரிக்க உளவியலாளர்கள் தம் ஆட்களை நம்பிக்கையாளர்கள்போல அனுப்பினார்கள். அந்த ஆய்வு 1956இல் நூலாகிப் புகழும் பெற்றது. உள்ளே நுழைவதற்காக அந்த ஆட்கள் சொன்ன புனைகதைகளையே, மேலிருந்து வந்த அடையாளமாகக் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் அளக்க வந்த நம்பிக்கையை அவர்களே வளர்த்துவிட்டார்கள் என்று பொருள். அறக்கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தத் தரவு கலப்படமானது.

மூன்றாம் படி: ஒப்புதல்

மனிதரைப் பொருளாகக் கொண்ட ஆய்வுகளுக்கு அமெரிக்காவில் 1979இல் வெளியான பெல்மான்ட் அறிக்கை, தனிமனித மதிப்பு, நன்மை செய்தல், நீதி ஆகிய மூன்று நெறிகளை வகுத்தது. பல்கலைக்கழக அறநெறிக் குழுக்கள் பலவற்றின் படிவங்களில் அவற்றின் சாயலைக் காணலாம். படிவத்தை நிரப்புங்கள், ஆனால் கையெழுத்தோடு வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். படிவம் ஒரு நாளைய நிலையைத்தான் காட்டுகிறது, உறவோ ஓராண்டுக்கு மேல் நீளப்போகிறது. வழிபாட்டு ஆண்டின் முழுச் சுற்றையும் பார்க்காமல் ஒரு சமூகத்தைப் பற்றி எழுதுவது அரைப் பாட்டைக் கேட்டு மெட்டுச் சொல்வது போன்றது. எனவே பன்னிரண்டு மாதங்களுக்குக் குறைவாகத் திட்டமிட வேண்டாம். அந்தக் காலத்தில் பலமுறை ஒப்புதலைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

அருள்வந்து ஆடுபவரிடமோ, அழுது மன்றாடுபவரிடமோ அந்நேரத்தில் ஒப்புதல் கேட்க முடியாது. முன்பே கேளுங்கள், முடிந்து ஓரிரு நாள் கழித்து, எழுதியதைக் காட்டி மீண்டும் கேளுங்கள். இரண்டாம் முறை மறுத்தால் முதல் ஒப்புதல் செல்லாது. அதைப்போல, உங்களை அருளாளரின் உதவியாளர் என்றோ ஆறுதல் சொல்ல வந்தவர் என்றோ எண்ணி ஒருவர் மனம்திறந்தால், அந்தப் பேச்சு ஆய்வுக்கு உரியதன்று. குறிப்பேட்டை மூடுங்கள்.

உங்களால் காக்க முடியாத இரகசியத்தை வாக்களிக்கவும் வேண்டாம். வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்டோரின் வாய்மொழிப் பதிவுகளை, அவர்கள் இறக்கும்வரை வெளியிடுவதில்லை என்ற உறுதியுடன் அமெரிக்கக் கல்லூரி ஒன்று சேமித்துவைத்தது. 2011இல் அவற்றைக் கேட்டு நீதிமன்ற ஆணை வந்தது; நீண்ட வழக்குக்குப்பின் சில பதிவுகள் காவல்துறையின் கைக்குப் போயின. ‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற சொற்றொடர் உங்கள் படிவத்தில் இருக்க வேண்டும். அதன் பொருளை வாயாலும் விளக்க வேண்டும். ஒருவருடைய சமய நம்பிக்கை பற்றிய தகவலே பல நாட்டுச் சட்டங்களில் தனிப் பாதுகாப்புக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள் அதைச் சிறப்பு வகைத் தரவில் சேர்த்திருக்கின்றன.

பெயரை மறைப்பதுதான் எப்போதும் நல்லது என்றும் கொள்ளக்கூடாது. ஒரு பாட்டை நாற்பது ஆண்டுகள் காத்துவந்தவரை ‘மூத்த பெண்மணி ஒருவர்’ என்று எழுதுவது பாதுகாப்பன்று, பறிப்பு. அவரையே கேளுங்கள்.

நான்காம் படி: கேள்வியைச் சேர்ந்து அமைத்தலும் உடன்படிக்கையும்

நீங்கள் கொண்டுவந்த கேள்வி உங்கள் துறைக்கு முக்கியமானதாக இருக்கலாம். ‘இளைஞர்கள் ஏன் வழிபாட்டிலிருந்து விலகுகிறார்கள்’ என்று நீங்கள் கேட்கும்போது, அங்குள்ளவர்கள் ‘பழைய பாடல்களை இனி யார் பாடுவார்கள்’ என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தைத் தேடுவதுதான் இந்தப் படியின் வேலை. அதற்கு நான்கைந்து கூட்டங்களாவது ஆகும். முதல் கூட்டத்தில் உங்கள் கேள்வியைச் சொல்லவே வேண்டாம். ‘உங்களைப் பற்றி இதுவரை எழுதியவற்றில் எது தவறு?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நிற்காது.

அமெரிக்காவின் கயோவா மக்களுடைய கிறித்தவப் பாடல்களைப் பற்றி 2002இல் வந்த நூல் நல்ல முன்மாதிரி. இனவரைவியலாளர் லூக் எரிக் லாசிட்டர், வரலாற்றாசிரியர் கிளைட் எல்லிஸ், கயோவா பாடகர் ரால்ஃப் கோட்டே ஆகிய மூவரும் அதன் ஆசிரியர்கள். பாடகர் அங்கே மேற்கோளாகப் பிறர் பத்திக்குள் வரவில்லை. தம் பங்கைத் தாமே பேசுகிறார். மூன்று குரல்களையும் அரைத்து ஒன்றாக்காமல் விட்டதால்தான் அது நிற்கிறது.

பேசி முடித்தவற்றை இரண்டு பக்க உடன்படிக்கையாக, சமூகத்தார் பேசும் மொழியில் எழுதுங்கள். ஒலிப்பதிவுகள் யாருடையவை, படிகள் எங்கே இருக்கும், வரைவை யார் படிப்பார், எத்தனை வாரத்தில் கருத்துச் சொல்வார், கருத்து வேறுபட்டால் என்ன செய்வது, நூலில் வருமானம் வந்தால் யாருக்கு, கூட்டாளிகளின் நேரத்துக்கு ஊதியம் உண்டா, இடையில் யாராவது விலகினால் அவர் தந்தவை என்ன ஆகும் என்பவை அதில் இருக்க வேண்டும். ஊதியம் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். உங்களுக்கு உதவித்தொகை இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. தொண்டாகவே செய்வோம் என்று அவர்கள் சொன்னால் அது அவர்கள் முடிவாக இருக்கட்டும்.

மாதிரி தேவைப்படுவோர், தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறையைப் பார்க்கலாம். மதிப்பு, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றோடு, உரிய நடைமுறையையும் அவர்கள் ஒரு விழுமியமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் சமூகத்துக்கு எழுதித் தந்ததன்று, சமூகம் ஆய்வாளர்களுக்கு எழுதித் தந்தது என்பதே அதன் தனிச்சிறப்பு.

ஐந்தாம் படி: களத்தில் இருத்தலும் குறிப்பெழுதுதலும்

சடங்கில் எந்த அளவுக்குப் பங்கேற்பீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து கூட்டாளிகளிடம் சொல்லிவிடுங்கள். உட்கார்வேன், பாடுவேன், ஆனால் உறுதிமொழி சொல்ல மாட்டேன் என்று எல்லை வகுப்பதில் தவறில்லை. உள்ளுக்குள் நம்பாத ஒன்றை வாயால் அறிக்கையிடுவதுதான் பல சமயங்களில் பெரிய அவமதிப்பு.

அன்றைய குறிப்பை அன்றே விரித்தெழுதுங்கள். ஓர் இரவு உறங்கி எழுந்தால் பேச்சின் வடிவம் போய்விடும், கருத்து மட்டும் நிற்கும். கண்டது, கேட்டது, நான் நினைத்தது என்று மூன்றையும் பிரித்து எழுதுவது தொடக்கத்தில் சலிப்பூட்டும். ஆயினும், பின்னாளில் வரைவைத் திருப்பிக் காட்டும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பிரிவுதான்.

தமிழில் குறிப்பெழுதுவோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. என் முதல் வரைவை ஒரு மூத்த பெண்மணிக்குப் படித்துக்காட்டியபோது அவர் பாதியில் நிறுத்தி, ‘நான் கனவில் கண்டதைச் சொன்னேன்; நீங்கள் கண்டாராம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்மேல் ஐயமா?’ என்று கேட்டார். அந்த ‘ஆம்’ என்ற ஈறு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன்: கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் சொன்னதை ‘என்றார்’ என்றும், தெய்வம் பேசியது பற்றி அவர் சொன்னதை ‘என்றாராம்’ என்றும் எழுதியிருந்தேன். ‘நம்புகிறார்கள்’ என்ற வினையும் அப்படித்தான். அவர்களைப் பற்றி எழுதுகையில் ‘நம்புகிறார்கள்’, நம்மைப் பற்றி எழுதுகையில் ‘தெரிகிறது’ என்று கை தானாகவே எழுதிவிடும். இருவருக்கும் ஒரே வினையைக் கொடுத்து, ‘சொன்னார்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பழக்கமாக ஓராண்டு ஆயிற்று.

ஒரே ஆசானிடம் அனைத்தையும் கேட்டு முடிக்கும் ஆசையையும் அடக்குங்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோல் 1946இல் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகன் மக்களின் முதியவரான ஒகோடெம்மேலியிடம் 33 நாள்கள் கேட்ட படைப்புக் கதை உலகப்புகழ் பெற்றது. மற்றொரு மானிடவியலாளரான வால்ட்டர் வான் பீக் அதே மக்களிடம் களஆய்வு செய்துவிட்டு 1991இல் எழுதியபோது, கிரியோலின் கதையைத் தமதென்று அடையாளம் காணும் டோகன்களைத் தாம் காணவில்லை என்றார். கிரியோல் தரப்பில் மறுப்பும் வந்தது, விவாதம் முற்றுப்பெறவில்லை. ஓர் அறிவாளி உங்களோடு சேர்ந்து சிந்திக்கத் தொடங்கினால் புதியதொன்று பிறக்கும். அதை ‘இருவர் சேர்ந்து உருவாக்கியது’ என்று எழுதினால் உண்மை. ‘மக்கள் மரபு’ என்று எழுதினால் பிழை.

ஆறாம் படி: வரைவைத் திருப்பிக் கொண்டுபோதல்

முழு முயற்சியும் சோதனைக்கு வருவது இங்கேதான். உங்கள் கால அட்டவணையில் இதற்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். இருநூறு பக்கத்தைக் கையில் கொடுத்து ‘படித்துச் சொல்லுங்கள்’ என்பது, படிக்க வேண்டாம் என்று நாகரிகமாகச் சொல்வதே. ஓர் இயலை எடுத்துக்கொண்டு, சிறு குழுவில் உரக்கப் படியுங்கள். பெண்கள் தனியே, இளைஞர்கள் தனியே, பொறுப்பில் உள்ளவர்கள் தனியே கேட்கட்டும். எந்த வரியில் சிரித்தார்கள், எதில் அமைதியானார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பும் ஆய்வே.

வரும் மறுப்புகள் ஒரே வகையாக இரா. பெயரும் நாளும் முறையும் தவறு என்றால் திருத்திவிடுங்கள். ஒரு தனிமனிதரை இது புண்படுத்தும் என்றால், அந்தச் செய்தி வாதத்துக்கு உண்மையில் வேண்டுமா என்று பாருங்கள்; பெரும்பாலும் வேண்டியிராது. ‘இதை வெளியே சொல்லக் கூடாது’ என்றால் எடுத்துவிடுங்கள், பேரம் பேசாதீர்கள். ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மவுன்ட்ஃபோர்ட் என்பவர், 1940இல் பிட்ஜன்ஜட்ஜாரா பழங்குடி முதியவர்கள் நம்பிச் சொன்ன மறைபொருள்களை 1976இல் நூலாக்கினார். தீட்சை பெறாதோர் கண்ணில் அவை படக்கூடாது என்று அம்மக்கள் வழக்குத் தொடுக்க, வடக்கு ஆட்புல நீதிமன்றம் அங்கே நூலின் விற்பனைக்குத் தடை விதித்தது. முப்பத்தாறு ஆண்டு கழித்தும் நம்பிக்கை நம்பிக்கைதான் என்று நீதிமன்றமே ஏற்றது.

விளக்கத்தில் கருத்து வேறுபாடு வந்தால் நிலைமை வேறு. ‘நீங்கள் சொல்லும் காரணம் சரியன்று’ என்று அவர்கள் சொன்னால், உங்கள் வாதத்தைக் கைவிடவும் வேண்டாம், அவர்கள் குரலை அடிக்குறிப்பில் புதைக்கவும் வேண்டாம். அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே உங்கள் பத்திக்கு அடுத்து, அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்.

மிகக் கடினமானது ஐந்தாவது வகை. அதிகாரத்தில் உள்ளவர்கள், தம்மால் பாதிக்கப்பட்டவரின் பேச்சை நீக்கச் சொல்லும் நேரம் வரலாம். கூட்டு ஆய்வு என்பது தலைமைக்குத் தணிக்கை உரிமை தருவதன்று. இதை உடன்படிக்கையிலேயே எழுதியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குத் தீங்கு நேர்வதாக அறிந்தால் உரிய அதிகாரிகளிடம் சொல்வேன் என்பதையும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அப்போது எல்லோரும் தலையசைப்பார்கள். பின்னாளில் சிலர் கோபப்படுவார்கள்; கதவு மூடப்படவும் கூடும். பாதிக்கப்பட்டவர் வெளியிட வேண்டாம் என்றால் மட்டுமே நிறுத்துங்கள்.

ஏழாம் படி: ஒப்படைத்தலும் விடைபெறுதலும்

ஒமாஹா மக்களின் புனிதத் தூண் 1888இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போனது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில், முன்பு சொன்ன ஃபிளெட்சருக்கும் லா ஃபிளெஷுக்குமே பங்கிருந்தது. 1989இல்தான் அது திரும்பியது. அட்டையில் இரு பெயர் இருந்தும் இப்படி நடக்கக்கூடும் என்பதால், எதை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்ற கேள்வியை இறுதிவரை தள்ளிப்போடாதீர்கள். எண்மப் பதிவுகளுக்கு முகுர்ட்டு என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து தொடங்கப்பட்டது. எந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதைச் சமூகத்தின் சொந்த விதிப்படி அதில் வகுக்கலாம். அதைப் பராமரிக்க உள்ளே ஆளில்லையென்றால், உறையிட்டுப் பெயரெழுதிய ஒரு வன்தட்டே மேல்.

கிளம்பும் நாளை இரண்டு மாதங்களுக்கு முன்பே அறிவியுங்கள். எத்தனை மணிநேரப் பதிவு, எத்தனை படம், ஒவ்வொன்றின் படியும் யாரிடம் என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். தம் பேச்சை ஒருவர் நீக்க விரும்பினால் எந்தத் தேதிக்குள், எந்த எண்ணில் அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தாளின் முதல் வரியாக இருக்கட்டும். அச்சுக்குப் போனபின் நீக்க முடியாது என்பது அதற்கு அடுத்த வரி.